அல்லிவரை கேட்ட தவளை

வலை கிழித்த சிறகோடு தனியாக வந்த நீர்க்கோழி, குளத்தில் தங்க இடம் கேட்டது. குளத்துக்குக் காவல் தவளை. அது இருந்த அல்லி இலையை விட்டு அசையாமல், “உன் ஏரி எப்படி?” என்று கேட்டது.

நீர்க்கோழியின் கண் கலங்கியது. “சாயங்காலம் ஆனால் ஏரி முழுக்க அல்லி பூக்கும். இலைமேலேயே என் குஞ்சுகள் நடந்து திரியும்...”

“போதும், போதும். அவ்வளவு நல்ல இடத்தில் என்ன பயம்? திரும்பிப் போ.”

நீர்க்கோழி அந்தக் குளத்து மூத்த ஆமையிடம் முறையிட்டது. இடம் கொடுப்பது ஆமையின் வேலை இல்லை. தவளை ஒழுங்காக விசாரித்ததா என்று மட்டும் பார்க்கும்.

“எதுவரை கேட்டாய்?” என்று ஆமை தவளையைக் கூப்பிட்டுக் கேட்டது.

“அல்லிவரை ஐயா. அதற்குமேல் என்ன இருக்கப் போகிறது?”

“அது உனக்கெப்படித் தெரியும்? உன் முடிவு செல்லாது. போய் முழுசாகக் கேள்.”

தவளை முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வந்து கேட்டது. நீர்க்கோழி மறுபடியும் அல்லியிலிருந்தே ஆரம்பித்தது. அந்த ஏரியை வேறெங்கிருந்து ஆரம்பிப்பதென்று அதற்குத் தெரியவில்லை. குஞ்சுகளிடம் வந்ததும் குரல் நின்றது. தவளை காத்திருந்தது.

“வலை விழுந்த அன்றைக்கும் அவை இலைமேல்தான் நடந்துகொண்டிருந்தன.”

தவளை தன் இலையை நீர்க்கோழிக்கு விட்டுக்கொடுத்துத் தண்ணீரில் இறங்கியது.