அடுப்பின் நெற்றியில் ஒரு கோடு

தோட்டத்து மூலையில் களிமண்ணும் செங்கல்லுமாய் ஒரு பீட்சா அடுப்பு எழுந்து நின்றது. கட்டி முடித்து இரண்டே நாள்தான். அதற்குள் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னைக்கே பீட்சா! அணில், காக்கா எல்லாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன்!"

"உன் உடம்புல ஈரமே இன்னும் காயலையே," என்றது பீட்சாவை உள்ளே தள்ளி எடுப்பதற்காகப் பக்கத்தில் சாய்ந்திருந்த நீளக்காம்புத் துடுப்பு. "ஒரு வாரம் நாலு சுள்ளி மட்டும் எரிச்சு உடம்பைச் சூட்டுக்குப் பழக்கணும்பா."

"சுள்ளியா? வர்றவங்க சிரிக்கவா? ஏய் புளியங்கட்டைகளா, எல்லாரும் உள்ள வாங்கடா!"

கட்டைகள் குபீரென்று பாய்ந்தன. தீ திகுதிகுவென்று எழும்ப, அடுப்புக்குத் தலைகால் புரியவில்லை. பீட்சா உப்பி விளிம்பு சிவந்த நேரம், 'பட்'டென்று ஒரு சத்தம். நெற்றியிலிருந்து அடிவரை விரிசல்!

"இதென்ன கோடு?" பீட்சாவை மென்றபடி அணில் கேட்டது.

அடுப்பு துடுப்பின் பக்கமே திரும்பவில்லை. "அதுவா? புகை போக நானே வச்சுக்கிட்ட வழி. புது மாடல்!"

அணில் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. மறுவாரம் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு அடுப்பு எழுந்தது. ஈரம்கூடக் காயாமல் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆசையாகக் குரல் கொடுத்தது:

"அண்ணே, அந்தக் கோடு விழ எத்தனை கட்டை போடணும்?"