அடுத்த வீட்டுக் கேபிள்

தெருவிலேயே முதல் ஆளாக ‘மனநிறைவு’ டிவி சந்தா எடுத்தவர் தணிகாசலம். அதில் எந்த நேரலை ஆட்டமும் சந்தாதாரர் ஆசைப்பட்டபடிதான் திரையில் முடியும். அடுத்த வீட்டுச் செபஸ்தியம்மாள் இன்னமும் கேபிள் டிவிதான் பார்க்கிறார். “நடக்கிறத அப்படியே காட்டுறான், இங்கிதம் தெரியாதவன்” என்று கேபிள்காரரைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் தணிகாசலம் வருத்தப்பட்டுக்கொள்வார்.

அன்று கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கபடி இறுதி ஆட்டம். அவருடைய மகள் நறுமுகை எதிரணிப் பக்கம் பாடிப்போனாள். மூன்று பேரைத் தொட்டுவிட்டு, தலை கலையாமல் சிரித்துக்கொண்டே திரும்பினாள். தணிகாசலம் எழுந்து நின்று கைதட்டினார்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் செபஸ்தியம்மாள், “ஐயோ, ஏசுவே! புள்ள!” என்று அலறினார்.

“என்னங்க, அந்தக்கா ஏன் கத்துறாங்க?” என்றாள் மனைவி பூங்கொடி.

“கேபிள்ல நம்ம பிள்ளைய அவுட்டாக்கிருப்பான். அவனுக்கு வேற என்ன தெரியும்? நீ இங்க பாரு.”

பூங்கொடி பயிற்சியாளருக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது, தோழிகள் நறுமுகையைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“பாருடி, கோப்பை!” என்றார் தணிகாசலம்.

பூங்கொடி பீரோவைத் திறந்து மகளுடைய மாற்றுத் துணியைப் பையில் திணித்தாள்.

“வண்டிய எடுங்க.”

“எதுக்கு?”

“அங்க அவ இன்னும் எந்திரிக்கலங்க.”

திரையிலிருந்த மகள் அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். பழக்கத்தில் தணிகாசலத்தின் கை பாதி உயர்ந்து, அங்கேயே நின்றது.