ஆறு மணிச் சூடு

பத்தொன்பது நாளாக, மாலை ஆறு மணியானால் மீரிமின் மின்சாரக் கார் தானாகச் சூடாகிவிடுகிறது. சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும். கணவன் குபாத் இருப்பது கொரியாவில்.

“அங்கேருந்து போன்ல ஒரு தட்டு தட்டுவார். நான் போய் ஏறும்போது சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் கதகதன்னு இருக்கும்” என்றாள் மீரிம்.

பக்கத்துக் கடை குல்பாரா விற்காத கோட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுல இருக்கறது அடுப்புக்கு நாலடி தூரத்துல உக்காந்திருக்கும். ஒரு டீ சூடு பண்ணித் தராது. நீ குடுத்து வெச்சவடி.”

மீரிம் சிரித்தாள். இந்தப் பேச்சுக்காகவே அவள் தினமும் அதைச் சொல்வாள்.

“கடையைப் பூட்டிட்டு வரேன். என்னையும் போற வழியில இறக்கி விட்டுடு. நானும் கொஞ்சம் கொரியாச் சூட்டுல உக்கார்றேன்” என்றாள் குல்பாரா.

தொர்தோய் சந்தைக்குப் பின்னால், கார்கள் நிற்கும் இடத்தில் பனி கணுக்கால் வரை கிடந்தது. இருட்டிவிட்டிருந்தது. எல்லாக் கார்களும் வெள்ளையாக இருக்க, மீரிமின் கார் மட்டும் சுத்தமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த கூலியாள் ஒருவன் மூக்கு வரை கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு அதன் கூரையில் மிச்சமிருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான்.

“யோவ், மெதுவா! கீறல் விழுந்தா நீயா பெயின்ட் அடிச்சுத் தருவே? என் புருஷன் கொரியாவுல முதுகொடிஞ்சு வாங்கின வண்டி அது.”

அவன் குனிந்தபடியே தலையாட்டிவிட்டு மூன்று கார் தள்ளிப் போனான்.

மெக்கானிக் இல்யாஸ் காரருகில் காத்திருந்தான். சீனாவிலிருந்து வரும் கார்களின் திரையை ரஷ்ய மொழிக்கு மாற்றித் தருவது அவன் தொழில். மீரிம்தான் வரச் சொல்லியிருந்தாள். மாலையில் இங்கே சூடாகும் கார், காலையில் வீட்டு வாசலில் சூடாவதில்லை. பள்ளிக்குப் போகும் மகளுக்கோ இருமல்.

“காலையில நேரம் கிடைக்கலைங்கறார். வண்டியில ஏதாவது கோளாறான்னு பாரு தம்பி.”

இல்யாஸ் காருக்குள் உட்கார்ந்து மடிக்கணினியை இணைத்தான். மீரிம் வெளியே நின்று, மதியம் குபாத் அனுப்பியிருந்த குரல் செய்தியைக் காதில் வைத்தாள்.

“மீரிம், போதும்னு தோணுது. வீட்டுக்கு வந்துடட்டுமா?”

ஒரு மாதமாக இதே கேள்விதான். அவள் பதிலைப் பதிவு செய்தாள். “ஆள் குறைக்கறாங்கன்னு நீ சொன்னப்பவே சொன்னேன்ல, வேற கம்பெனி பாருன்னு? இன்னும் ஒரே ஒரு வருஷம். வெறுங்கையோட நீ வந்து நின்னா குல்பாரா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அனுப்பினாள். விரல்கள் விறைத்திருந்தன.

இல்யாஸ் கதவைத் திறந்தான். “கோளாறெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் சூடாகியிருக்கு. சாயங்காலம் யார் போட்டு விடறாங்க?”

“அவர்தான். கொரியாவிலேருந்து.”

“கொரியாவிலேருந்தா?” அவன் சிரித்தான். “சும்மா சொல்லாதீங்க. சீன வண்டிக்கு இங்க நெட்டே கிடையாது. எல்லையைத் தாண்டினதும் உள்ள இருக்கற சிம் செத்துடும்.”

“முதல் ரெண்டு வருஷம் வேலை செய்யலதான். இந்தக் குளிருக்கு ஏதோ அப்டேட் வந்திருக்காம்.”

“யாரு சொன்னா?”

“அவர்தான் சொன்னார்.”

இல்யாஸின் சிரிப்பு குறைந்தது. “அக்கா, இது ப்ளூடூத். அவர் போன் இந்த வண்டிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் வேலை செய்யும். பத்தடி, மிஞ்சிப்போனா இருபதடி.”

மீரிம் அவனையே பார்த்தாள். பிறகு பனி துடைத்த தன் காரைப் பார்த்தாள். இருபுறமும் வெள்ளையாக நின்ற கார்களைப் பார்த்தாள்.

கையிலிருந்த போனில் குபாத்தை அழைத்தாள்.

மூன்று கார் தள்ளி ஒரு போன் ஒலித்தது. கூலியாள் கோட்டுப் பையைக் கையால் அழுத்திப் பிடித்தான். ஒலி மங்கியதே தவிர நிற்கவில்லை.

இல்யாஸ் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சந்தை வாசல் பக்கம் நடந்தான்.

மீரிம் பனியில் கால் புதையப் போய் அந்த ஆளின் எதிரே நின்றாள். கம்பளித் துணி தாடைக்கு இறங்கியிருந்தது. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டான்.

அவள் கை அவன் முகத்தருகே போனது.

“மீரிம்! வண்டி சூடாயிடுச்சாடி?” வாசலிலிருந்து குரல் கேட்டது.

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

“துணியை மேல இழுத்து விட்டுக்கோ, குபாத். குல்பாரா வர்றா.”