அத்தைக்கு அத்துப்படி

"இந்த உப்பு டப்பாதான் நுழைவாசல், மாப்பிள்ளை. இங்கேருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, அதே நாலு கிலோமீட்டர் வெளியே. நடுவுல யாராவது முடியலைன்னு உட்கார்ந்தா தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்லை, இப்பவே சொல்லிட்டேன்."

சாப்பாட்டு மேசைமேல் செம்பாறைப் பள்ளத்தாக்கின் வரைபடம் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு டம்ளர். அத்தை பென்சிலோடு நின்ற தோரணையைப் பார்த்தால், ஏதோ படையெடுப்புக்குத் திட்டம் போடுகிறார் என்றே யாரும் நினைப்பார்கள். நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"சரிங்க அத்தை" என்று மாப்பிள்ளை தலையாட்டினான். எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். அவன் ஒரு ஷூ கடையில் விற்பனையாளன். மலையேறுகிறவர்களுக்கான ஷூ அவன் பொறுப்பு. "இதைப் போட்டுக்கிட்டுத்தான் சார் நானே வாராவாரம் மலை ஏறுறேன்" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்லுவான். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று அத்தை கேட்டதும், பழக்க தோஷத்தில் அதே வசனம் வாயில் வந்து விழுந்துவிட்டது. அவன் இதுவரை ஏறிய பெரிய உயரம், கடையில் மேல் தட்டுக்குப் போகும் ஏணிதான். போதாக்குறைக்கு, குறுகலான இடம் என்றாலே மூச்சு முட்டும். நாளைக்கு எல்லார் முன்னாலும் சாயம் வெளுத்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு இந்த வீட்டில் சாப்பிட உட்காருவது?

அத்தையிடம் பாச்சா பலிக்காது. பள்ளத்தாக்கின் மீட்புக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். உள்ளே வழி தவறியவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அம்மாதான் வெளியே கொண்டு வந்தார் என்று மனைவி பெருமையடிக்காத நாளில்லை.

"முதல் வளைவுல ஒரு பாறை இருக்கும். பல்வலி வந்த கிழவன் மூஞ்சி மாதிரி," என்றார் அத்தை. "அதுக்கு இடது பக்கம் அகலமா ஒரு வழி, வா வான்னு கூப்பிடும். போயிடக் கூடாது. எல்லாரும் மாட்டுறது அங்கதான்."

"அப்போ வலது பக்கமா?"

"வலதுதான். அது சின்ன இடுக்கு. பையைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல நகரணும். இருபத்தேழு அடி வெச்சா முடிஞ்சுது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அங்கேயே மூச்சு முட்டியது. "அங்க யாருக்காவது பயம் வந்துட்டா என்ன அத்தை பண்றது? சும்மா, தெரிஞ்சுக்கத்தான் கேட்கறேன்."

"வரும். பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு வரும்." அத்தையின் குரல் சட்டென்று தணிந்தது. "உள்ளங்கை ரெண்டையும் பாறைமேல வைக்கணும். சில்லுனு இருக்கும். நிமிர்ந்து பார்த்தா வானம் ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே அடியை எண்ணணும். எண்ண ஆரம்பிச்சா பயம் வாயை மூடிக்கும்."

அந்தக் குரலைக் கேட்டதுமே அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இவர் முன்னால் நடந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம்.

"அதைத் தாண்டினா என்னம்மா வரும்?" தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

அத்தை பென்சிலைக் கீழே வைத்தார். "பதினோரு மணிக்குச் சரியா அங்க இருக்கணும். வெயில் நேரா உள்ள இறங்கும். ரெண்டு பக்கச் சுவரும் தணல் மாதிரி சிவக்கும். அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்தவங்ககூட அங்க போனதும் கப்சிப்னு ஆயிடுவாங்க."

போக வேண்டியிருக்கிறதே என்ற கவலை போய், போயே தீர வேண்டும் என்ற துடிப்பு அவனுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், எட்டு மணிக்குள் உள்ளே நுழைவது, மேல்மலையில் மழை என்று தெரிந்தால் வெள்ளம் வருமுன் பேசாமல் திரும்பிவிடுவது என்று அவனே எழுதிக்கொண்டான். ஒத்திகைக்காக பீரோவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி நகர்த்தி, மூன்று பேரும் பைகளைக் கையில் பிடித்தபடி அந்தச் சந்துக்குள் இங்கும் அங்குமாக இருபத்தேழு அடி நகர்ந்தார்கள். மனைவி சிரித்த சிரிப்பில் அவள் எண்ணிக்கை பதினாலிலேயே நின்றுபோயிற்று.

கடைசியில், கடையிலிருந்து கொண்டு வந்த புது ஷூவை அத்தைக்கு மாட்டிவிட்டான். "குதிகாலை நல்லாத் தட்டிட்டு லேஸ் கட்டுங்க அத்தை. இறங்கறப்போ விரல் முட்டாது."

"அனுபவம்னா அனுபவம்தான்," என்றார் அத்தை. அவன் அவசரமாக அடுத்த ஷூவை எடுத்தான்.

மறுநாள் ஏழே முக்காலுக்கெல்லாம் நுழைவாசலில் நின்றார்கள். எதிரே பாறைகள் செக்கச்செவேலென்று வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. இடுக்கை நினைத்தால் அவனுக்குப் பயம்தான். ஆனாலும் மனசு துள்ளியது.

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தார். "அக்கா, நீங்களா? என் கண்ணையே என்னால நம்ப முடியலை. இருபத்திரண்டு வருஷமா டவுன் ஆபீஸ்ல உட்கார்ந்து, மாட்டிக்கிட்டவங்களுக்கெல்லாம் போன்லயே வழி சொன்னீங்க. இன்னைக்குத்தானே முதல் தடவையா உள்ள வர்றீங்க?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அத்தையின் முகம் வெளிறிக் கிடந்தது.

"பயந்து அழறவங்க குரலையே கேட்டுக் கேட்டு, எனக்கு உள்ள காலெடுத்து வைக்கவே தைரியம் வரலை," என்று அத்தை அவன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "வாராவாரம் மலையேறுற மாப்பிள்ளை கூட இருக்கீங்களேன்னுதான் துணிஞ்சு கிளம்பினேன். நீங்க முன்னாடி போங்க."