தென்னைக்கு அடியில் ஒரு காவல்

கரமனை வீட்டின் கொல்லைத் தென்னையில் காலை வெயில் ஏறுகிறது. தேங்காய் பறிக்க வந்த மலையாளப் பெண் ஸ்வப்னா, மரத்தில் மாட்டிய இரும்புக் கருவியை மிதித்து மிதித்து உயரே போகிறாள். ஒவ்வொரு மிதிக்கும் அது கிறீச்சிடுகிறது. அடியில் நாகேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் ஏந்தி, அண்ணாந்து நிற்கிறார். பெண்களால் முடியாதது எதுவுமில்லை, ஆண்கள் கூடவே நின்று பாதுகாத்தால் போதும் என்று நேற்றுத்தான் குடியிருப்போர் சங்கத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவர். அவள் வலப்பக்கம் சாய்ந்தால் அவரும் வலப்பக்கம் நகர்கிறார். கழுத்து வலிக்கிறது. ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

“பயப்படாதே மோளே, நான் இருக்கேன்!”

“அதான் சாரே என் பயம்!” என்கிறாள் ஸ்வப்னா மேலிருந்து. “குலையை வெட்டப் போறேன், மாறி நில்லுங்க!”

அவர் ஓரடி மாறுகிறார். சமையலறை வாசலிலிருந்து மனைவி சூடாமணி கூப்பிடுகிறாள்.

“ஏன்னா, இங்க வாங்கோ.”

“அவ விழுந்துட்டா யார் பிடிக்கறது?”

ஸ்வப்னா அரிவாளை நிறுத்துகிறாள். “மாமி, நீங்க சாரை இத்திரி நேரம் பிடிச்சுக்கோங்க. எனக்கு வேலை நடக்கட்டும்.”

சூடாமணி வந்து அவர் முழங்கையைப் பற்றி வாசலுக்கு இழுத்துப் போகிறாள். குலை விழுகிறது. தரை அதிர்ந்ததில் நாகேஸ்வரன் ஒரே எட்டில் சூடாமணியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறார்.