மூளிக் காது

"காதுல ஓட்டையே இல்லண்ணே. தூந்து போச்சு. நாந்தான் ஒண்ணு போட்டேன்."

கம்ப்யூட்டர் திரையில் ஆச்சியின் காது ஓர் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. ஃப்ளெக்ஸ் கடைப் பெண் அதில் ஒரு கம்மலை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்மல் உட்கார்ந்தது.

ஆச்சி விடியற்காலையில் போயிருந்தாள். வீட்டில் அழுவதற்கு ஆள் இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கத்தான் ஆளில்லை. பேரன் என்று அவனை அனுப்பினார்கள்.

பேனர் கட்டியாக வேண்டும். பெரியப்பாவைப் பொறுத்தவரை சாவு அதற்குப் பிறகுதான் முறைப்படி தொடங்கும்.

திரையில் ஆச்சிக்கு அரக்குப் பட்டு. கழுத்தில் இரண்டு சங்கிலி, ஒரு கல் அட்டிகை. பின்னால் அருவி. அருவிக்கு மேலே தேவதூதர்கள். கீழே, "ஆறாத் துயரில்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில், செல்போனைக் காதில் வைத்தபடி பெரியப்பா. ஆச்சியைவிட ஒரு சுற்றுப் பெரியவராக.

துயரம் யாருடையது என்பதில் ஊருக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதல்லவா.

படம் அவன் எடுத்தது. அதில் ஆச்சி வெள்ளைச் சேலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

வேறு படம் கிடையாது. கல்யாண வீடுகளில் போட்டோக்காரர் மேடைப் பக்கம் வரும்போதெல்லாம் மகன்கள் அவளிடம், "பந்தியில ஆள் உக்காந்தாச்சான்னு பாத்துட்டு வாங்கம்மா" என்பார்கள். அவளும் போவாள். நிஜமாகவே பந்தியைப் பார்ப்பாள். வெளியே வேனில் படுத்திருக்கும் டிரைவர்களை எழுப்பிக் கூட்டிவந்து உட்கார வைப்பாள்.

எல்லாம் நகையில்லாத அந்தக் கழுத்தினால் வந்தது.

அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நகை போடாத பெந்தெகொஸ்து சபையார் ஊருக்கு வெளியே பந்தல் போட்டு நடத்திய கூட்டத்துக்கு ஆச்சி போனாள். திரும்பி வந்து, நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுளகில் வைத்து மாமியாரிடம் நீட்டினாள். தாலியும் அதில் இருந்தது.

ஏன் என்று கேட்டார்கள். பாரமாக இருந்தது என்றாள்.

மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். தாத்தா அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வைராக்கியத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

ஊர் அவளுக்கு மூளி என்று பெயர் வைத்தது.

பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளனுப்பியது. பிரசவ வலிக்கு. வாந்திபேதிக்கு. பெரியாஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவனுக்குக் கஞ்சி கொண்டுபோக.

மூளி போவாள். கஞ்சி ஊட்டுவாள். ஜெபம் பண்ணுவாள். சின்ன ஜெபம்தான். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த கட்டில்காரன் தண்ணீர் கேட்பது எப்படித் தெரியும் என்பாள்.

கடைப் பெண் கழுத்தைப் பெரிதாக்கினாள். அட்டிகைக்கு அடியில் கொஞ்சம் நிழல் கொடுத்தாள். இப்போது அது நிஜமாகவே கனத்தது.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் அந்தக் கழுத்தில்தான் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அம்மாவிடம் போனால் சங்கிலி குத்தும்.

ஆச்சியிடம் எதுவும் குத்தாது.

"எல்லாத்தையும் எடுத்துரும்மா" என்றான்.

"இப்பத்தாண்ணே ஒங்க பெரியப்பா போன்ல மூக்குத்தியும் வைக்கச் சொன்னாவ."

அவன் பெரியப்பாவைக் கூப்பிட்டான்.

"ஏல, கூறு இருக்கால ஒனக்கு? எம்.எல்.ஏ. வாராரு. எங்கம்மைய மூளிக் கழுத்தோட நடுரோட்டுல நிறுத்தச் சொல்லுதியா? பிள்ளையளு வித்துத் தின்னுட்டானுவன்னு பேசமாட்டானுவளா?"

"ஆச்சியே கழட்டுனதுதான பெரியப்பா."

"அது அவிய உசுரோட இருக்கும்போது."

போன் வைக்கப்பட்டது.

கடைப் பெண் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் மூக்குத்தியை வைத்தாள்.

மதியம் பேனர் வாசலுக்கு வந்தது. பந்தல் கம்பில் ஏறியது. காற்றில் அருவி ஆடியது. பெரியப்பா கீழே நின்று, தன் முகத்தில் மடிப்பு விழாமல் இழுத்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் நாசரேத்து பஸ் நின்றது.

வெள்ளைச் சேலைகள் இறங்கின. ஆச்சியின் சபைப் பெண்கள். கழுத்தில் ஒன்றுமில்லை. காதில் ஒன்றுமில்லை. வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது.

முன்னால் வந்த அம்மாள் பேனருக்கு அடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். மறுபடி அண்ணாந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

பெரியப்பா கைகளைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார்.

அந்த அம்மாள் அவரைத் தாண்டி அவனிடம் வந்தாள்.

"தம்பி, நாங்க ஞானப்பூ அக்காவப் பாக்க வந்தோம். தெரு மாறி வந்துட்டமா? இது ஆருய்யா?"

பெரியப்பா வாயைத் திறந்தார்.

அவன் முந்திக்கொண்டான்.

"தெரியலம்மா. நீங்க வாங்க. ஆச்சி உள்ள இருக்காவ."