வெள்ளைப் பட்டை டயர்

“டயர் என்ன பாலாம்மா, நாளாச்சுன்னா திரிஞ்சு போறதுக்கு? ரப்பர்ம்மா! நல்லாப் பாருங்க, ஒரு நூலாவது தேஞ்சிருக்கா?”

டயர்க்கடைக்காரருக்குத் தெருவில் ‘ரேடியோ’ என்று பெயர். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கூட நாலு வீட்டுச் சங்கதியைக் காதில் வாங்காமல் நகர முடியாது. ஆனால் இன்று ஒலிபரப்பில் வழக்கத்தைவிட வேகம் இருந்தது. காரணம், பரண்.

பழங்காலத்துக் காருக்கான அந்த அளவு டயரை இப்போது யாரும் செய்வதில்லை. என்றோ மூடிய ஒரு கடையிலிருந்து எட்டு வெள்ளைப் பட்டை டயர்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். பதினோரு வருஷம் பரணில் கிடந்து, இரண்டு மாதத்துக்கு முன்புதான் நாலு விலை போயிற்று. மீதி நாலு அப்படியே. “அதுவும் போகலேன்னா நீங்களும் பரண்லயே படுத்துக்குங்க” என்று காலையில்தான் மனைவி காப்பியோடு சேர்த்துக் கொடுத்திருந்தாள்.

இந்த நேரத்தில், அதே அளவைத் தேடிக்கொண்டு ஓர் அம்மா தானாக வந்து உட்கார்ந்தால் விடுவாரா?

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பெஞ்சின் நுனியில் இருந்தார். முகம் வாடிக் கிடந்தது. பேரம் ஆரம்பிக்கப் போகிறவர்கள் எல்லாரும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது கடைக்காரரின் இருபது வருஷ அனுபவம்.

“எந்த வருஷத்து டயர்ங்க இது?”

டயரின் ஓரத்தில் அதைச் செய்த வாரமும் வருஷமும் நாலு இலக்கமாகப் பதிந்திருக்கும். கடைக்காரரின் கட்டைவிரல் தற்செயலாக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

“இன்னும் ரோட்டையே பார்க்காத டயர்ம்மா. பச்சைக் குழந்தை மாதிரி.”

“சக்கரம்?”

“ரெண்டு தினுசு இருக்கு. இது இரும்புத் தகடு. சுத்தியலால அடிச்சாலும் அசையாது. இது கம்பிச் சக்கரம். துடைச்சுத் துடைச்சே கை ஓஞ்சு போகும், ஆனா என்ன அழகு! போன தடவை வந்தவர் இதைத்தான் எடுத்தாரு.”

அந்த அம்மா நிமிர்ந்தார். “யாரு?”

இது போதாதா? ரேடியோ முழுச் சத்தத்தில் பாட ஆரம்பித்தது.

“வெளியூர்க்காரர்ம்மா. இதே அளவுதான் கேட்டாரு. நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருக்காரு. படுத்தின பாடு இருக்கே! வீடு வாங்கறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். இரும்பை மாட்டச் சொன்னாரு. பத்தடி தள்ளி நின்னு பார்த்தாரு. கழட்டச் சொன்னாரு. கம்பியை மாட்டச் சொன்னாரு. மறுபடி பத்தடி!”

“அவ்வளவு தூரம் வந்தவர்... சாப்பிட்டாரா?”

“எங்கே? ரெண்டு டீ, அவ்வளவுதான். ரெண்டாவதுல சர்க்கரை தூக்கலாப் போடச் சொன்னாரு. ‘வீட்ல தரமாட்டா’ன்னு என்கிட்ட ரகசியம் வேற.”

அந்த அம்மா லேசாகச் சிரித்தார். வாங்க வந்தவர் சிரித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. கடைக்காரர் பெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்.

“அவங்க வீட்டம்மாவைப் பத்தி வேற என்ன சொன்னார்?”

“எதைச் சொல்லலை! கதையைக் கேளுங்க. முதல்ல, அந்த வாரம்தான் புதுசா வந்த கருப்பு டயர், இதுக்குப் பக்கத்து அளவு, அதுவே போதும்னு மாட்டச் சொல்லிட்டாரு. நானும் ரெண்டை மாட்டிட்டேன். அப்போ பார்த்து மனுஷன் தலையைத் தூக்கினாரு. பரண்ல இந்த வெள்ளைப் பட்டை கண்ணுல பட்டுடுச்சு. அவ்வளவுதான், கருப்பைக் கழட்டுன்னுட்டாரு!”

“ஏன்?”

“கல்யாணமான புதுசுல அவங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்னாங்களாம். வெள்ளைப் பட்டை டயர் போட்ட கார் ஒண்ணு போச்சாம். அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்களாம். இவ்வளவுதாம்மா விஷயம்! முப்பது வருஷமா அதை மனசுல வச்சிருக்காரு. ‘அவகிட்ட சொல்லலை, வாசல்ல போய் நிறுத்தினாத்தான் தெரியும்’னு ஒரே சிரிப்பு. நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு பொண்டாட்டிப் பைத்தியத்தைப் பார்த்ததில்லை!”

அந்த அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனக்கணக்குப் போடுகிறார் போலிருக்கிறது என்று கடைக்காரர் காத்திருந்தார்.

“எத்தனை மணிக்குக் கிளம்பினார்?”

“மூணு இருக்கும். கையை ஆட்டிக்கிட்டே போனாரு. ரெண்டு மாசம் ஆச்சு, டயரைப் பத்தி ஒரு குறை சொல்லி வந்து நின்னாரா? ஒரு போன்? இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்? மாட்டிடலாமா? காரை எங்கே நிறுத்தியிருக்கீங்க?”

“போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குதுங்க.” அந்த அம்மா எழுந்தார். குரல் உயரவே இல்லை. “அன்னிக்கு நாலே முக்காலுக்கு, பின்பக்க டயர் வெடிச்சுது. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. என் வீட்டுக்காரர் சட்டைப் பையில உங்க கடை ரசீது இருந்தது.”

கடைக்காரரின் பார்வை டயர் ஓரத்திலிருந்த அந்த நாலு இலக்கத்துக்குப் போயிற்று.

“நான் டயர் வாங்க வரலைங்க. அவர் கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்கார். என்ன பேசினார்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”